துமிஜோவின் தொண்டை

வெயில் ஏறுவதற்குள் நறுக்கி முடித்தாக வேண்டும். பழுத்து மஞ்சள் கண்ட புகையிலைகளைப் பாய் சுருட்டுகிற மாதிரி இறுகச் சுருட்டி, மரக்கட்டையின் ஓட்டைக்குள் இடது கையால் தள்ளிக்கொண்டே, வலது கையிலிருக்கிற அகலக் கத்தியால் ஓட்டை வாயை ஒட்டிச் சீவ வேண்டும். இழை மயிர் மாதிரி விழ வேண்டும். தடித்தால் வியாபாரி மூக்கைச் சுளிப்பான். இடது கை கொஞ்சம் பிந்தினால் விரல் போகும். ஜாவாத் தீவின் சும்பிங் மலைச் சரிவில், வோனோசெகார் ஊரில், இந்த வேலையில் துமிஜோவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன் அந்த அறுவடைக் காலம் முழுக்கக் கத்தியும் கையுமாகத் தொண்டையைக் காறிக்கொண்டிருந்தார்.

"ஙலல் மஹ்ரி," என்றார். கத்தி இறங்கியது. "ஙலல்... ச்சை."

எதிரே சாக்கின்மேல் மகள் வாங்கிக்கொடுத்த கைபேசி கிடந்தது. அதற்குள்ளிருந்து தேன் தடவின மாதிரி ஓர் இளங்குரல் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தக் குரலில் முதல் எழுத்து தொண்டையின் அடியில் பிறந்து, கொஞ்சம் நெருக்கிக்கொண்டு, 'அலல்' என்று சுத்தமாக வெளியே வந்தது. துமிஜோவின் வாயில் அது மூக்கு வழியாகத்தான் வந்தது. அந்த மலையில் எல்லாருக்குமே அப்படித்தான். ஙதிமான், ஙாத்தினி என்று பெயர் வைத்துக்கொண்டு வாழ்கிற ஜனம். அரபியில் தொண்டையில் பிறக்கிற அந்த எழுத்துக்கு அவர்கள் நாக்கு எந்தக் காலத்திலோ ங-வைக் கொடுத்து விஷயத்தை முடித்துவிட்டது. மற்றவர்கள் 'ரப்பில் ஆலமீன்' என்று தொழுகிற இடத்தில் இவர்கள் 'ரப்பில் ஙாலமீன்' என்று தொழுவார்கள். அப்பன் சொன்னான், பாட்டன் சொன்னான், ஆண்டவன் ஏன் என்று கேட்டதில்லை.

அதே மாதிரி வண்டு ரீங்கரிப்பதுபோல் வர வேண்டிய எழுத்து ஒன்று அவர்கள் வாயில் ஜ ஆகிவிடும். ஃப-வும் வராது. மாப்பிள்ளையின் பெயர் ஸுல்ஃபான். துமிஜோவுக்கு அவன் ஜுல்பான். பையன் ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை. சொல்லப்போனால் துமிஜோவுக்கு அவனைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

துமிஜோவின் ஒரே மகள் வூர்யானி செமாராங் நகரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். பையன் அங்கேயே பள்ளிக்கூட வாத்தியார். இரண்டுபேரும் தாங்களே பார்த்து, தாங்களே பேசி, அப்புறம் பெரியவர்களிடம் வந்தார்கள். அதில் துமிஜோவுக்கு மனத்தாங்கல் இல்லை. மனத்தாங்கல் எல்லாம் பையனின் அண்ணன் வந்த பிறகுதான். அண்ணன் பெயர் முன்திர். அரபு தேசத்தில் மார்க்கம் படிக்கிற உஸ்தாத், மத ஆசான். விடுமுறைக்கு வந்திருந்தார், அவர் திரும்பிப் போவதற்குள் கல்யாணம் நடக்க வேண்டும் என்றார்கள். புகையிலை விற்று முடியாமல் இந்த மலையில் யாரும் பந்தல் போட மாட்டார்கள். அறுவடை நடுவில் கல்யாணமா என்று ஊரே வாயைப் பிளந்தது. மகளின் முகத்தைப் பார்த்து துமிஜோ அதை விழுங்கினார்.

அப்புறம் இரண்டாவது நிபந்தனை வந்தது. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, 'இன்ன மஹருக்கு என் மகளை உனக்குக் கட்டிக்கொடுத்தேன்' என்று சொல்கிற வாசகம் அரபியில்தான் இருக்க வேண்டுமாம். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற மஹரைச் சொல்லும் இடம்தான் அந்த 'அலல் மஹ்ரி'. தங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தானாம். சொல்வது சுத்தமாகவும் இருக்க வேண்டுமாம். உஸ்தாத் வாசகத்தைப் பேசிப் பதிந்து அனுப்பினார். துமிஜோ அதைக் கேட்டு, தானும் பேசிப் பதிந்து அனுப்பினார். நறுக்குகிற கட்டையின் முன்னால், புகையிலை நெடியில் இருமிக்கொண்டு, பக்கத்தில் தட்டில் இழை பரப்புகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, அனுப்பினார். ஒவ்வொரு முறையும் பதில் பணிவாக வந்தது. 'நல்ல முயற்சி மாமா. அந்த எழுத்து இன்னும் வரலை. தொண்டையை லேசா இறுக்கிப் பாருங்க. மறுபடி அனுப்புங்க.'

அந்தப் பணிவுதான் துமிஜோவுக்கு எரிந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். தடவிக்கொடுக்கிற கையை என்ன செய்வது? ஆனாலும் விடவில்லை. மகளை ஒரு முறைதான் கொடுக்கப் போகிறோம், அதைச் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவோமே என்கிற ஆசை. குளிக்கும்போது சொன்னார், மலை ஏறும்போது சொன்னார், மக்காச்சோளச் சோற்றைப் பிசையும்போது சொன்னார். மனைவி கர்சினா தட்டைத் தள்ளி வைத்து, "தொண்டையில முள்ளு கிள்ளு சிக்கியிருக்கா, பாக்கிறவங்க பயப்படுறாங்க," என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை வீட்டார் சீர் கொண்டு வந்தார்கள். பழம், துணி, வெல்லத்தில் கிண்டின பசையரிசிப் பலகாரம், சோப்பு, செருப்பு எல்லாம் கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி வந்தது. அன்றைக்குக் காலையிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. வெளியே தட்டுகளில் காய்கிற இழை கறுத்துவிடுமோ என்ற கவலையோடு துமிஜோ பூவேலை போட்ட பட்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்றார். மல்லிகைத் தேநீர் வந்தது, அவித்த கிழங்கு வந்தது. பையனின் சின்னம்மா ஒருத்தி, வாயாடி, நல்ல மனசுக்காரி. அவள் துமிஜோவின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"அண்ணே, உங்க குரல் எங்க வீட்ல எல்லாருக்கும் மனப்பாடம். குடும்பத்து குரூப்ல போட்டாங்கல்ல, தினமும் காத்துக்கிட்டு இருப்போம். எங்க கடைசிப் பய ஒருத்தன் உங்களை மாதிரியே சொல்லுவான் பாருங்க, வயிறு வலிக்கும்."

சின்னம்மாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை. வூர்யானி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்னமே தெரியும் என்று அந்தக் குனிவில் தெரிந்துபோயிற்று. மாப்பிள்ளை தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துமிஜோவின் காது சூடேறியது. தட்டிலிருந்த கிழங்கை எடுத்தார், வைத்தார். வீடு நிறைய ஆட்கள். கட்டையின் முன்னால் தனியாக உட்கார்ந்து முக்கினது எல்லாம் நகரத்தில் எவனெவனுக்கோ தேநீர் நேரத்து வேடிக்கையாகப் போயிருக்கிறது.

உஸ்தாத் முன்திர் பேச்சை மாற்றினார். சின்னம்மாவைக் கண்ணால் அடக்கினார், அது உண்மை. அவர் கெட்டவர் இல்லை. தான் கற்றதை உலகத்துக்குச் சரியாகக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிற ரகம். அந்த ரகத்திடம் மாட்டிக்கொண்டு தப்புவது கஷ்டம்.

"மாமா, நான் யோசிச்சேன்," என்றார். "இந்த வயசுல உங்களைச் சிரமப்படுத்த வேணாம். வக்காலத்து எனக்குக் கொடுத்துடுங்க. உங்க சார்பா நான் சொல்லிடறேன். மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்கு. எத்தனையோ அப்பாமார் அப்படித்தான் செய்யறாங்க."

அது உண்மைதான். சபைக் கூச்சம் உள்ள தகப்பன்மார் அரசாங்கப் பதிவாளரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ அந்த உரிமையை ஒப்படைப்பது அங்கே சகஜம். ஆனால் அவர்களாகப் போய் ஒப்படைப்பார்கள். யாரும் வந்து கேட்டு வாங்கிப் போனதில்லை.

"நான் சொன்னா என்னாகும்?" என்று கேட்டார் துமிஜோ.

"எழுத்து மாறினா அர்த்தம் கெடும் மாமா. கல்யாணம் செல்லுமான்னு சந்தேகம் வந்துடும். சந்தேகத்தோட அவங்க வாழ வேணாமே."

சமையலறை வாசலில் கர்சினா நின்றிருந்தாள். கையில் மிளகாய் அரைத்த ஈரம். விருந்தாளிகள் முன்னால் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். எங்க அப்பா என்னை இவருக்குக் கொடுத்தப்ப அரபியிலதான் சொன்னாரு. ஙலல் மஹ்ரின்னுதான் சொன்னாரு. அப்ப நான் இத்தனை வருஷம் யாரு வீட்ல யாருக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன்?"

யாரோ சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார்கள். உஸ்தாத் சிரிக்கவில்லை. அதே தேன் குரலில் சொன்னார்.

"மாமி, அறியாம செஞ்சதை அல்லா மன்னிப்பான். தெரிஞ்ச பிறகு செஞ்சாத்தான் கேள்வி."

கர்சினா அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். அம்மியில் குழவி விழுகிற சத்தம் அப்புறம் நெடுநேரம் கேட்டது.

துமிஜோ மகளைப் பார்த்தார். அவள் கண் கலங்கி இருந்தது. இப்போது தான் ஒரு வார்த்தை தடித்துப் பேசினால் அந்தக் கண்ணாடித்தாள் தட்டுகளெல்லாம் திரும்பிப் போகும். "சரி," என்றார். "வக்காலத்து கொடுத்துடறேன்." சொன்னதும் வாயெல்லாம் கசந்தது, பச்சைப் புகையிலையைக் கடித்த மாதிரி. மூடுபனியில் அன்றைய இழை கறுத்துத்தான் போயிற்று.

அதற்கப்புறம் துமிஜோ கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். மரக்கட்டையில் கத்தி விழுகிற சத்தம் அடுத்த வீட்டுக்காரர்களுக்கே வேறு மாதிரி கேட்டது. கூட நறுக்குகிற ஙதிமான், சின்ன வயதிலிருந்து சேக்காளி, நிக்காஹுக்குப் பெண் வீட்டுச் சாட்சியும் அவர்தான். ஒரு விடியலில் பொறுக்காமல் கேட்டார்.

"ஏன்டா, புகையிலை மேல என்ன கோபம்?"

"எங்க அப்பன் செத்தப்ப தொழுக வச்சது யாரு?"

"எங்க அப்பா."

"என்ன சொல்லித் தொழுக வச்சாரு?"

ஙதிமான் புரிந்துகொண்டார். கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப எங்க அப்பன் தொழுகையில்லாமத்தான் மண்ணுக்குள்ள கிடக்கானா? அறியாம செஞ்சதாம், மன்னிப்பாம்," என்றார் துமிஜோ. "மன்னிக்கிற அளவுக்கு எங்கப்பன் என்னடா செஞ்சான்? விடிஞ்சா அஞ்சு வேளையும் தொழுதான், இலை நறுக்கினான், செத்தான்."

வூர்யானி காய்வதற்குத் தட்டை எடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"வேணாம்னா சொல்லுங்கப்பா. நிறுத்திடலாம். குரூப்ல அதைப் போட்டாங்கன்னு தெரிஞ்சப்பவே அவர்கிட்ட சண்டை போட்டேன். அண்ணன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு முழிக்கிறாரு. ஆனா அதைக் கேட்டு அவர் சிரிக்கல. அது எனக்குத் தெரியும்."

"சிரிக்காதது பெருசில்லம்மா. வாயைத் திறந்திருக்கணும்."

"ஆமா," என்றாள் மகள். "திறந்திருக்கணும்."

அவள் அதை மறுக்காததுதான் துமிஜோவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நிறுத்த வேண்டாம் என்றார். பையன்மேல் கோபம் இல்லை என்றார், அது பொய். தன்மேல்தான் கோபம் என்றார், அது நிஜம். அத்தனை பேர் முன்னால், 'என் மகளைக் கொடுக்க என் வாய் லாயக்கில்லை' என்று தானே ஒப்புக்கொண்டுவிட்டாரே.

கல்யாண நாளில் வானம் வெறித்திருந்தது. இழை காய்வதற்கு அப்படி ஒரு வெயில் அந்த மாதத்தில் விழவில்லை. ஊர் ஆண்களில் பாதிப்பேர் விடியலில் நறுக்கி முடித்து, குளித்து, நகக்கண்ணில் புகையிலைக் கறையோடு பந்தலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் கர்சினாவோடு ஊர்ப் பெண்கள் எல்லாம் பலாக்காய்க் கறியும் வறுத்த கோழியுமாய்ப் புகைக்குள் இருந்தார்கள். பந்தல் நடுவில் குட்டை மேசை. ஒரு பக்கம் மாப்பிள்ளை, வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி. எதிரே துமிஜோ. அவர் பக்கத்தில் உஸ்தாத், துமிஜோவின் இடத்துக்கு நகர்ந்துகொள்ளத் தயாராக. இரண்டு ஓரத்தில் இரண்டு சாட்சிகள், ஙதிமானும் பையனின் மாமாவும். மேசைத் தலைப்பில் அரசாங்கப் பதிவாளர். அவருக்கு அன்றைக்கு இன்னும் கல்யாணங்கள் பாக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார்.

வக்காலத்தைச் சபை கேட்கும்படி வாயால் ஒப்படைக்க வேண்டும். பதிவாளர் மைக்கைத் துமிஜோ பக்கம் நீட்டினார். "இதை ஜாவானிய மொழியிலேயே சொல்லலாம் மாமா," என்று உஸ்தாத் மெல்லக் குனிந்து சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

துமிஜோ மைக்கை வாங்கினார். உஸ்தாத் பக்கம் திரும்பினார்.

"இதை எங்க பேச்சுல சொல்லலாமா?"

"சொல்லலாம் மாமா."

"சொன்னா செல்லுமா?"

"தாராளமா."

"பொண்ணைக் கொடுக்க என் பேச்சு ஆகாது. பொண்ணைக் கொடுக்கிற உரிமையை உங்ககிட்டக் கொடுக்க மட்டும் ஆகுமா?"

மைக் வாயருகில் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது. பின்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது.

உஸ்தாத் முகம் வெளிறியது. "மாமா, பேசி முடிச்சதுதானே," என்றார்.

"பேசினீங்க. நான் சரின்னேன். அந்தச் சரியை இப்ப திருப்பி வாங்கிக்கறேன்." துமிஜோவின் குரல் உயரவில்லை. "அவ பிறந்தப்ப காதுல பாங்கு சொன்னது நான். என் தொண்டையிலதான் சொன்னேன். இன்னைக்கு வேற தொண்டை வாடகைக்கு எடுத்து அவளை அனுப்ப மாட்டேன். பதிவாளரய்யா, நீங்க சொல்லுங்க. எங்க பேச்சுல கொடுத்தா சட்டம் ஏத்துக்குமா?"

பதிவாளர் உஸ்தாதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஏற்றுக்கொள்ளும் என்றார், மார்க்கமும் ஏற்றுக்கொள்ளும், மாப்பிள்ளை புரிந்து பதில் சொன்னால் போதும் என்றார். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

துமிஜோ கையை நீட்டினார். காய்ப்புக் காய்த்து, கறை படிந்த கை. மாப்பிள்ளை அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சரி என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் ஆட்டவில்லை. உள்ளே கதவோரத்தில் உட்கார்ந்திருந்த வூர்யானி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸுல்ஃபான் அண்ணனிடமிருந்து கண்ணை எடுத்தான். கையைக் கொடுத்தான்.

"ஜுல்பான் தம்பி," என்றார் துமிஜோ. பெரியவர்கள் சபையில் பேசுகிற உயர்ந்த ஜாவானியத்தில், ஒரு எழுத்தும் தடுக்காமல் சொன்னார். "நான் பெற்ற மகள் வூர்யானியை, தொழுகை உடுப்பும் மோதிரமுமாகக் கையோடு கொடுத்த மஹருக்கு, உங்களுக்கு மனைவியாகக் கொடுத்தேன்." சொல்லி முடித்துக் கையை ஒரு வெட்டு வெட்டினார். அந்த வெட்டில் மாப்பிள்ளை உடனே, மூச்சு விடாமல் பதில் சொல்லியாக வேண்டும்.

பையன் பல வாரமாக அரபியில்தான் பதிலை உருப்போட்டிருந்தான். நகரத்துப் பிள்ளை. வீட்டில் இந்தோனேசியம், வெளியே சில்லறை ஜாவானியம். உயர்ந்த பேச்சு அவனுக்குப் பழக்கமில்லை. வாயைத் திறந்தான், திக்கினான், ஆனாலும் நிறுத்தாமல் சொன்னான். தாழ்மையாக 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், பெரியவர்களைப் பற்றிச் சொல்கிற வார்த்தையைத் தூக்கித் தனக்கே வைத்துக்கொண்டு, 'ஏற்றருளினேன்' என்று அரசன் மாதிரி சொல்லி முடித்தான்.

பின்வரிசையில் புகையிலைக்காரர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். பையனின் காது சிவந்தது. அந்தச் சிவப்பு எப்படிச் சுடும் என்று துமிஜோவுக்குத் தெரியும். அவன் கையை விடாமலே தலையைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே அடங்கியது.

"செல்லுமா?" என்று பதிவாளர் சாட்சிகளைக் கேட்டார். பையனின் மாமா உஸ்தாதைப் பார்த்தார். ஙதிமான் துமிஜோவைப் பார்த்தார்.

"நான் சொன்னது அவருக்குப் புரிஞ்சுது," என்றார் துமிஜோ. "அவரு சொன்னது எனக்குப் புரிஞ்சுது. வார்த்தை தப்புன்னு சொல்றவன் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

"செல்லும்," என்றார் ஙதிமான். கொஞ்சம் பொறுத்து பையனின் மாமாவும் சொன்னார். பந்தல் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது.

முடிவுப் பிரார்த்தனையான துஆ ஓதுவது உஸ்தாத் வேலை. அதை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. கையேந்தி ஓதினார். குரல் முதலில் கொஞ்சம் உடைந்து, பிறகு நேரானது. நல்ல ஓதல் என்பதை துமிஜோவால் மறுக்க முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் பிறந்து வந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் சும்மா ஓதிவிட்டுப் போயிருக்கலாமே என்று இன்னும் கூடத்தான் செய்தது.

துஆவின் கடைசி வரியை எல்லாரும் சேர்ந்து சொல்வது வழக்கம். "வல்ஹம்து லில்லாஹி," என்று உஸ்தாத் எடுத்துக்கொடுத்தார்.

"ரப்பில் ஙாலமீன்," என்றது பந்தல்.

நறுக்குகிறவர்கள், இழை பரப்புகிறவர்கள், சுமக்கிறவர்கள், எல்லாரும் ஒரே தொண்டையாகச் சொன்னார்கள். அன்றைக்கு வேண்டுமென்றே அந்த ங-வை ஒரு பிடி அழுத்திச் சொன்னார்கள். பின்கட்டுப் புகைக்குள்ளிருந்து கர்சினாவின் குரல் எல்லாருக்கும் பின்னால் வந்தது, அதுதான் ஓங்கியும் இருந்தது. துமிஜோ இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.